வீட்டுக்குப் போனார்

பூட்டக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தங்கைதான். அக்கா எந்த இடத்துக்குப் போய் மதிப்பெண் போட்டுவிட்டு வருகிறாளோ அந்த இடத்துக்குச் சீக்கிரமே பூட்டு விழுகிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சொன்னவள் மறந்துவிட்டாள், பெயர் ஒட்டிக்கொண்டது. அலுவலகம் வரைக்கும் போய், இப்போது மேலாளரே மறதியாக ஒருமுறை அப்படிக் கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் வேலை அப்படி. பெரிய அறக்கட்டளை ஒன்று சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்களைக் கைதூக்கிவிடும். மூன்று வருடம் கூடவே ஆள் வைத்து, மக்களிடம் நன்கொடை கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும். துண்டுப் பிரசுரம் முதல் இணையதளம் வரை தன் செலவில் செய்து தரும். ஆனால் வருகிறவர்களை எல்லாம் தூக்கிவிட முடியுமா? அதனால் முதலில் ஓர் ஆள் நேரில் போய், அந்த நிறுவனம் நிதி திரட்டத் தயாராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிர்வாகம், ஆட்கள், தொடர்புகள், செய்தி, பலன் என்று ஐந்து தலைப்பு. தலைப்புக்கு இருபது, மொத்தம் நூறு. அறுபது வந்தால் உள்ளே. ஐம்பத்தொன்பது வந்தால் வணக்கம், போய் வாருங்கள். அந்த ஆள்தான் பூட்டக்கா.

இரண்டு வருடத்தில் பதினோரு இடம் பார்த்தாள். ஒன்றுகூட அறுபதைத் தொடவில்லை. ஏழு இடம் மூடியே போய்விட்டது. "தாளை நிரப்பறவ நான். நடத்தறவ நானா?" என்று தங்கையிடம் எகிறுவாள். ஆனால் போன மாதம், அவள் நாற்பத்து மூன்று போட்ட காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வழியாகப் பேருந்தில் போனபோது, அங்கே மெத்தைக் கடை திறந்திருந்தது. வாசலில் ஒருவன் மெத்தை மேல் குதித்துக் காட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த இடமாவது தேற வேண்டும், ஒன்றே ஒன்றாவது தேற வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். மதிப்பீடு செய்கிறவளுக்கு வரக்கூடாத ஆசை அது.

பன்னிரண்டாவது இடம், நாதியில்லாத நோயாளிகளுக்கான இல்லம். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலைக் காலி பண்ணச் சொன்ன பிறகு போக்கிடம் இல்லாதவர்கள், பஸ் நிலையத்தில் சுருண்டு கிடந்தவர்கள், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் என்று முப்பத்தொரு கட்டிலில் முப்பத்தொரு பேர். வருவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று, அவர்கள் கடிதத்தாளில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு மூன்று நாள் விடாமல் போட்டுப் பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சலிக்காமல் சொன்னது. கடைசியில் சொல்லாமலே வந்து நின்றாள்.

"ரோட்டைத் தோண்டினப்போ வயரை அறுத்துட்டாங்க மேடம். அஞ்சு மாசமாச்சு. ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டேன், ஒருத்தனும் எட்டிப் பாக்கல. இப்ப என் செல்போன்தான் எல்லாத்துக்கும்" என்றாள் இல்லத்தை நடத்தும் மேட்ரன். முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டையான உருவம், வேகமான நடை, பேசிக்கொண்டே போகிற வழியில் நாலு போர்வையை இழுத்துச் சரிசெய்கிற கை.

"கடிதத்தாள்ல இன்னும் பழைய நம்பர்தானே இருக்கு?"

"ரெண்டாயிரம் தாள் அடிச்சு வச்சிருக்கோமே மேடம், அது தீர வேணாமா?"

'நன்கொடையாளர் உங்களை எளிதாகத் தொடர்புகொள்ள முடியுமா' என்ற கேள்விக்கு நேராகப் பூட்டக்கா பூஜ்யம் போட்டாள். போடும்போது சிரிப்புகூட வந்தது. இதெல்லாம் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடக்கூடிய கோளாறு.

"நிர்வாகக் குழுல எத்தனை பேரு?"

"அஞ்சு பேரு. ஒருத்தர் பழைய பெட்ஷீட் தர்றாரு. ரெண்டு பேரு அறிவுரை தர்றாங்க. ஒருத்தர் எங்க இருக்காருன்னே தெரியல."

"அஞ்சாவது ஆளு?"

"தலைவரு. அவரு போன வருஷம் வீட்டுக்குப் போயிட்டாரு மேடம்." மேட்ரனின் குரல் இறங்கியது. "அவரு இருந்த வரைக்கும் நாங்க யார்கிட்டயும் போய் நின்னதில்ல. கட்டடம் அவரோடது. மருந்து, சம்பளம், எல்லாம் அவரே பாத்துக்கிட்டாரு. இப்ப பசங்க கைக்குப் போயிடுச்சு. ரெண்டு மாசம் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள வெளியில நாலு பேர்கிட்ட கேட்டு எங்க கால்ல நாங்க நின்னுக்கணுமாம். இல்லேன்னா கட்டடத்தை வித்துடுவாங்க."

'தலைவர் ஓய்வில் உள்ளார்' என்று பூட்டக்கா எழுதிக்கொண்டாள். வயதான மனிதர், வீட்டோடு இருக்கிறார் போலிருக்கிறது.

"அப்ப கேட்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"எங்க மேடம்? எனக்குக் கேக்கவே வராது. ஊசி போடறதுக்குக் கையை நீட்டுங்கன்னு கேட்டிருக்கேன். அதைத் தவிர ஜென்மத்துல யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல."

நன்கொடையாளர் பட்டியல் என்று அவர்கள் கொண்டுவந்து வைத்தது ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் விசிட்டிங் கார்டுகள். பாதியில் எழுத்து அழிந்துபோயிருந்தது. ஒன்றில் திருமண மண்டபத்துக்குப் பந்தல் போடுகிறவர் விலாசம். மூன்று மணி நேரத்தில் முதல் மூன்று தலைப்பும் முடிந்தன. நிர்வாகம் பதினொன்று, ஆட்கள் ஒன்பது, தொடர்புகள் ஏழு. பன்னிரண்டாவது பூட்டும் தயார் என்று பூட்டக்காவுக்குத் தலைவலி ஆரம்பித்தது.

செய்தி என்ற நாலாவது தலைப்பில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காரணம் ரைட்டர். முப்பது வருடம் கோர்ட் வாசலில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்த மனிதர். மனைவி இறந்தபின் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவர். இல்லத்தின் எழுத்து வேலை, தபால் வேலை, நோயாளிகளின் வீட்டாரைத் தேடிப்பிடித்துப் போன் போடுகிற வேலை எல்லாம் அவருடையது. ஒரு மூட்டை பழந்துணி கொடுத்தவருக்குக்கூட முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பக்கம் நன்றிக் கடிதம் போயிருந்தது. நகல்களைப் படித்தாள். உங்கள் போர்வை ஏழாம் கட்டிலில் இருக்கிறவருக்குப் போனது, அவருக்கு நீல நிறம் பிடிக்குமாம் என்று எழுதியிருந்தார். இப்படி எழுதத் தெரிந்த ஆள் ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று அறக்கட்டளையே ஏங்கிக்கொண்டிருக்கிறது. தாராளமாகப் பதினாலு போட்டாள்.

நாற்பத்தொன்று. மிச்சம் இருப்பது பலன் என்ற தலைப்பு மட்டும். அதில் இருபதுக்குப் பத்தொன்பது வாங்கினால்தான் கரை சேரும். பத்தொன்பது யாரும் வாங்கியதில்லை.

"இங்க வந்தவங்க என்ன ஆனாங்கன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"முதல் நாள்லேருந்து இருக்கு மேடம்" என்றார் ரைட்டர். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரிய பதிவேடு. வார்டு கதவுக்கு உள்பக்கம், முதல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேசை மேல் இருந்தது. அலுவலக அறை என்று ஒன்று தனியாகக் கிடையாது. வரிசை எண், வயது, அடையாளம், வந்த நாள், போன நாள், கடைசிக் கட்டத்தில் குறிப்பு. ஒன்பது வருடம், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு கட்டம்கூடக் காலியில்லை. பூட்டக்கா விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள். இப்போது இருப்பவர்கள் முப்பத்தொன்று. 'ஆஸ்பத்திரிக்கு மாற்றம்' முப்பது. 'ஊருக்குப் போனார்' நாற்பத்து மூன்று. 'வீட்டுக்குப் போனார்' இருநூற்று எட்டு.

மறுபடி எண்ணினாள். இருநூற்று எட்டுதான். மூன்றில் இரண்டு பங்கு.

இறந்தவர் ஒருவர்கூடவா இல்லை என்ற கேள்வி அவளுக்கு வரத்தான் செய்தது. அதற்குப் பதிலும் அவளே சொல்லிக்கொண்டாள். ரொம்ப மோசமானவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள், அங்கே போய் இறந்திருப்பார்கள், இந்த ஏட்டில் வராது. ஊர் வேறு வீடு வேறு என்று ஏன் எழுதியிருக்கிறார்? சொந்த வீடு இருப்பவர்கள் வீட்டுக்கு, மற்றவர்கள் உறவுக்காரர்கள் இருக்கிற ஊருக்கு. தொண்டு நிறுவன வேலையில் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவள். வேறு நாளாக இருந்தால் இந்தப் பதிலை யார் சொல்லியிருந்தாலும் குடைந்து எடுத்திருப்பாள். அன்றைக்கு ஆசை கண்ணைக் கட்டிவிட்டது.

ஒரு கேள்வி மட்டும் கேட்டாள், அதையும் சொல்ல வேண்டும். "ரைட்டர் சார், இவங்க எல்லாரும் நிஜமாவே வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

முதல் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தவரை ரைட்டர் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆமா மேடம். ஒருத்தரைக்கூட அநாதையா விடல. எல்லாரையும் நல்லபடியா அனுப்பி வச்சோம்."

அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்கிற முகம் அவளுக்குத் தெரியும், இது அந்த முகம் இல்லை. பத்தொன்பது போட்டாள். கூட்டினாள். அறுபது. அதோடு நிற்காமல், 'நிறுவனத்தின் செய்தி ஒரே வரியில்' என்று காலியாகக் கிடந்த கட்டத்தில் அவர்களுக்காக அவளே ஒரு வரியும் எழுதினாள்: 'எங்களிடம் வருகிற மூன்று பேரில் இரண்டு பேர் வீடு திரும்புகிறார்கள்.' எழுதிவிட்டுப் பார்த்தாள். சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போடலாம் போலிருந்தது.

முடிவை அன்றே சொல்லக்கூடாது என்பது விதி. கிளம்பும்போது மேட்ரன் வாசல் வரை வந்து, ஒன்றும் கேட்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்கத் தெரியாதவள் இல்லையா. பூட்டக்காவால் தாங்க முடியவில்லை.

"தேறிடும் மேட்ரன்" என்றாள்.

மேட்ரன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஓடினாள், அந்த வயதில், உள்ளே. எல்லாருக்கும் டீ போடு என்று சமையல்கட்டைப் பார்த்து அவள் போட்ட சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

"பேரை மாத்து. இனிமே பூட்டு இல்ல, சாவி" என்று சாயங்காலம் தங்கையிடம் சொன்னாள் பூட்டக்கா. பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கும் தங்கை, ஒரே ஒரு பல்லைப் பிடுங்கியதற்கே இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரித்தாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரே ஒரு வேலை பாக்கி. அறிக்கையை மேலே அனுப்புவதற்கு முன், பலன் அடைந்த ஒரு குடும்பத்தோடாவது பேசிச் சரிபார்க்க வேண்டும். பதிவேட்டில் போன் எண் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மூன்றைக் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். முதல் எண் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. இரண்டாவது, பதினாலாம் கட்டில். தச்சு வேலை செய்கிறவர், ஐம்பத்தாறு வயது, பக்கவாதம், பேச்சு இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் வீட்டுக்குப் போனார்.

எடுத்தது ஒரு பெண் குரல். முதல் மணியிலேயே எடுத்துவிட்டது.

"வணக்கம்மா. தச்சர் வீடுங்களா? நோயாளிங்க இல்லத்துல இருந்தாரே, அது விஷயமா…"

"வந்துட்டாரா?"

பூட்டக்காவுக்குப் புரியவில்லை. "எங்கம்மா?"

"நீங்கதானே சொல்லணும்! கிளம்பிட்டாருன்னு அன்னிக்குப் போன் வந்துச்சு. இன்னும் வந்து சேரலீங்க. நான் அவரு பொண்டாட்டிதான் பேசறேன். அன்னிக்கே குளிக்க வெந்நி போட்டு வச்சேன். மூணு பஸ் மாறணும்ல, நடுவுல எங்கயாவது தப்பா இறங்கிட்டாரோன்னு எந்தம்பி ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டா போய்ப் பாத்துட்டு வந்தான். போலீஸ்லயும் எழுதிக் குடுத்தோம். உங்க நம்பருக்குப் போட்டா உபயோகத்துல இல்லைன்னு ஒருத்தி சொல்லிக்கிட்டே இருக்கா. விலாசமும் கேட்டு வச்சுக்கல, என் புத்தி. தம்பி நாலு ஆஸ்பத்திரில போய் விசாரிச்சான், ஒருத்தருக்கும் தெரியல. நானே வந்திருப்பேன், இடுப்பெலும்பு ஒடைஞ்சு கிடக்கறேன்."

வாய் பேச முடியாத மனிதனைத் தனியாகப் பேருந்தில் ஏற்றிவிட்டார்களா? ஏற்றிவிட்டு, போய்ச் சேர்ந்தாரா என்றுகூடக் கேட்கவில்லையா?

"இன்னிக்கே விசாரிச்சுட்டு நானே கூப்பிடறேம்மா. என் நம்பர் இதுதான்."

"கூப்பிடுங்கம்மா. நான் எங்கயும் போக மாட்டேன். கதவைக்கூடத் தாழ் போடறதில்ல. அவரால வாசல்ல நின்னு கூப்பிட முடியாதுல்ல. தட்டவும் கையில வலு இல்ல. சும்மா சாத்தி வச்சிருக்கேன், தள்ளினா திறந்துக்கும்."

ஆட்டோவில் போகும்போது பூட்டக்காவுக்கு வந்தது கோபம்தான். வார்டில் நேற்றுக் குடித்த டீயின் சந்தோஷம் இன்னும் மிச்சமிருந்தது. வரிசையாகச் சிரித்தார்கள். மேட்ரன் எதிரே ஓடிவந்தாள்.

"பதினாலாம் கட்டில்ல இருந்த தச்சர் எங்கே?" என்றாள் பூட்டக்கா, நின்ற நிலையில்.

"அவரு வீட்டுக்குப் போயிட்டாரே மேடம்."

"எந்த வீட்டுக்கு? அவங்க வீட்டுக்கு அவரு வரவே இல்ல. இப்பதான் அந்தம்மாகூடப் பேசிட்டு வர்றேன்."

மேட்ரன் முகத்தில் ஈயாடவில்லை. பூட்டக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பெட்ஷீட் அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் கிசுகிசுத்தாள்.

"மேடம், அவரு இறந்துட்டாரு."

பூட்டக்கா அவளையே பார்த்தாள்.

"வீட்டுக்குப் போனாருன்னா அதுதான் மேடம். உங்களுக்குத் தெரியும்னுதானே நினைச்சேன்? முதல் மாசம் ரைட்டர் ஏட்டுல இறந்தார்னுதான் எழுதினாரு. ரெண்டாம் கட்டில்ல இருந்தவரு எட்டிப் பாத்துப் படிச்சுட்டாரு. அன்னியோட சாப்பாட்டை நிறுத்திட்டாரு. பத்து நாள்ல அவரும் போயிட்டாரு. இந்தக் கூரைக்குக் கீழ அந்த வார்த்தையே வரக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். ரைட்டர்தான் இந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சு, ஏட்டையும் முதல்லேருந்து மாத்தி எழுதினாரு. ஒன்பது வருஷமா இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். இப்பதான் முதல் தடவையா வாயைத் திறந்து அதைச் சொல்றேன்."

"அப்ப அந்த இருநூத்தி எட்டு பேரு?"

கேள்வியே மேட்ரனுக்குப் புரியவில்லை. "எல்லாருந்தான்."

"ஊருக்குப் போனவங்க?"

"அவங்க நிஜமாவே ஊருக்குப் போனவங்க மேடம். அதான் வேற வார்த்தை."

தலைவர் ஓய்வில் உள்ளார். பூட்டக்காவுக்கு அந்த வரி இப்போது ஞாபகம் வந்தது. பழைய பெட்ஷீட் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு தச்சரின் மனைவி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். வெந்நீர், மூன்று பஸ், தம்பி, தாழ் போடாத கதவு. மேட்ரன் வெளியே போய் ரைட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பேருக்கு அந்த அறையில் நிற்க இடம் போதவில்லை.

"நான்தான் பேசினேன்" என்றார் ரைட்டர். "நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கு வார்டுல எல்லாரும் முழிச்சிருந்தாங்க, போன் அங்கதான் இருந்துச்சு. உங்க வீட்டுக்காரரு வீட்டுக்குக் கிளம்பிட்டாரும்மா, நீங்க வர்றீங்களா, இல்ல நாங்களே அனுப்பி வச்சிடட்டுமான்னு கேட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சந்தோஷம்ங்க, நீங்களே அனுப்பி வச்சிடுங்கன்னாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மறுநாள்தான் வயரு அறுந்துச்சு. போனை வச்சுட்டு மேட்ரன்கிட்ட சொன்னேன், இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா, புருஷன் போன சேதிக்குச் சந்தோஷம்னு சொல்றாளேன்னு. நானும் ஆம்புலன்ஸ் டிரைவரும்தான் கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டு வந்தோம். அஞ்சு மாசமா அந்தம்மாவை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருக்கேன் மேடம்."

"இந்த மாதிரி எத்தனை வீட்டுக்குப் போன் பண்ணியிருப்பீங்க?"

"அறுபது எழுபது இருக்கும். நிறைய பேரு புரிஞ்சுக்கிட்டு அழுதாங்க." நிறுத்தினார். "சில பேரு சரின்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாங்க. கல்நெஞ்சுக்காரங்கன்னு நினைச்சேன்."

அந்தச் சில பேர் எத்தனை பேர் என்று மூன்று பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அறிக்கை பூட்டக்காவின் பையில் இருந்தது. வெளியே எடுத்தாள். இதை இப்படியே அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, நிஜம் அதுதான். அறுபது போட்டதை மேலே யாரும் திரும்ப எண்ண மாட்டார்கள். முப்பத்தொரு கட்டில் பிழைக்கும். அவள் அதை நினைத்தாள், கொஞ்ச நேரம் நன்றாகவே நினைத்தாள். அப்புறம் தன் கையெழுத்தில் இருந்த அந்த ஒற்றை வரியைப் படித்தாள். மூன்று பேரில் இரண்டு பேர் வீடு திரும்புகிறார்கள். இது சுவரொட்டியாகி ஊர் ஊராகப் போகும். ஆளைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற ஏதோ ஒரு வீட்டில் இதைப் படிப்பார்கள். இல்லத்தில் இருந்தால் வந்துவிடுவார் என்று கதவைச் சும்மா சாத்தி வைப்பார்கள்.

மேட்ரன் அந்தத் தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பது வருட நர்ஸ், முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன் மேடம்." அவள் எதையும் கேட்டு அன்றைக்குத்தான் பூட்டக்கா பார்த்தாள். "சாகப் போறவங்களைத்தான் ஆஸ்பத்திரிக்காரங்க எங்ககிட்ட அனுப்பறாங்க. அவங்க வேற என்ன ஆவாங்க? ரோட்டுல சாக வேண்டியவங்க கட்டில்ல செத்தாங்க. பக்கத்துல ஆள் இருந்துச்சு. சுத்தமான துணி போட்டிருந்தாங்க. அதுக்கு உங்க தாள்ல கட்டம் இருக்கா?"

பூட்டக்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் பார்த்தாள். அவளுக்கு மனப்பாடமான தாள்தான், இருந்தாலும் பார்த்தாள்.

"இல்ல மேட்ரன்."

பலன் பத்தொன்பதை அடித்துவிட்டு ஐந்து எழுதினாள். அந்த ஒற்றை வரியை அடித்தாள், வீட்டாருக்கே புரியாமல் போன சேதிக்காகச் செய்தியும் எட்டாக இறங்கியது. நாற்பது. மேட்ரன் எதிரிலேயே எழுதினாள். மறைத்து வைத்து எழுதுவது அதைவிடக் கேவலமாக இருந்திருக்கும். மேலே அனுப்புகிற குறிப்பில், அந்தக் கட்டம் இந்தத் தாளில் இல்லை என்றும், அது தாளின் குறை என்றும் எழுதப்போகிறாள். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"டீ குடிச்சவங்ககிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றாள் மேட்ரன். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. அலமாரியில் சரியாக மடித்திருந்த போர்வை ஒன்றை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். பூட்டக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதுவும் தனக்காக அழுதது போலாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"முதல்ல அந்தம்மாவுக்குச் சொல்லணும்" என்றார் ரைட்டர். "நான்தான் சொல்லணும். நான் பண்ணின தப்பு."

பூட்டக்கா எண்ணைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்தாள். அங்கே உடனே எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, நான் இல்லத்துலேருந்து பேசறேன். அன்னிக்குப் பேசினவன். உங்க வீட்டுக்காரரு…" என்றார். "உங்க வீட்டுக்காரரும்மா…"

அதற்கு மேல் வரவில்லை. முப்பது வருடம் ஊராருக்கு எழுதிக் கொடுத்த மனிதர், எத்தனையோ பேருக்கு இழப்பீட்டு மனு எழுதியவர், ஒரு வார்த்தைக்குத் திணறினார். 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று போனில் அந்தப் பெண் அவசரப்படுத்துவது மூவருக்கும் கேட்டது. ரைட்டர் போனை நீட்டினார். பூட்டக்கா வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, காலையில பேசினேனே, நான்தான். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"தம்பி வேலைக்குப் போயிட்டான். நான் மட்டுந்தான். கிடைச்சுட்டாரா?"

"அவரு இறந்துட்டாரும்மா. அஞ்சு மாசம் ஆச்சு. அன்னிக்கு உங்களுக்குப் போன் வந்துச்சே, அன்னிக்குத்தான். அதைத்தான் இவங்க சொல்ல வந்தாங்க. சொன்ன வார்த்தை தப்பாப் போயிடுச்சு. அவரு எங்கயும் வழி தவறிப் போகல. கட்டில்லதான் இருந்தாரு. பக்கத்துல ஆள் இருந்துச்சு."

மூச்சு மட்டும் கேட்டது. அழுவாள், திட்டுவாள், போனை வைத்துவிடுவாள் என்று பூட்டக்கா காத்திருந்தாள். எதற்கும் தயாராக இருந்தாள்.

"அப்ப சந்தோஷம்னு சொன்னேனே" என்றாள் அந்தப் பெண். "செத்துட்டாருன்னு சொன்னதுக்கா நான் சந்தோஷம்னு சொன்னேன்?"

"உங்களுக்குத் தெரியாதும்மா. உங்க தப்பு ஒண்ணுமில்ல."

ரைட்டர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். வார்டிலிருந்து யாரோ மேட்ரனைக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை.

"அம்மா" என்றாள் அந்தப் பெண் கடைசியில். குரல் வறண்டுபோயிருந்தது. "அப்ப இனிமே கதவைத் தாழ் போட்டுக்கலாங்களா?"

இதற்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த அறையில் சொல்லக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான்.

"போட்டுக்கோங்கம்மா" என்றாள் பூட்டக்கா.